புதுமைப்பித்தனின் மாயக் கதைகளை வாசிப்பது எப்படி? திருகோணமலை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுமைப்பித்தன் எழுதிய ஏறத்தாழ நூறு சிறுகதைகளில், கடவுளும் பேயும் யமனும் கல்லாகிப் போகும் பெண்ணும் கடலடி நகரமும் வருகிற கதைகளைத் தெரிந்தெடுத்து வாசிக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழில் நான் மிக அதிகம் நேசிக்கும் எழுத்தாளர் அவர். திருகோணமலையில் அவருடைய தொகுப்பை என்னிடம் இரவல் வாங்கிச் சென்ற நண்பர்களும் உயர்தர மாணவர்களும் அதைத் திருப்பித் தர வரும்போது கேட்ட கேள்விகளே பெரும்பாலும் இங்கே உள்ளன. கதைகளின் முடிவு சில பதில்களில் தெரிந்துவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

புதுமைப்பித்தன் யார்?

இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். குடும்பம் திருநெல்வேலியைச் சேர்ந்தது. சென்னையில் பத்திரிகைகளில் பணியாற்றினார். மணிக்கொடி இதழோடு சேர்த்து நினைக்கப்படும் எழுத்தாளர்களுள் முதன்மையானவர். காச நோயால் 1948இல் திருவனந்தபுரத்தில் காலமானபோது அவருக்கு வயது 42.

அவர் வறுமையையும் சமூகக் கொடுமையையும் எழுதிய யதார்த்த எழுத்தாளர் அல்லவா? மாயக் கதைகள் அவருடைய எழுத்தில் ஓர் ஓரப்பகுதி மட்டுந்தானே?

பாடப்புத்தகங்களும் மேடைப் பேச்சுகளும் உருவாக்கிய எண்ணம் அது. அவருடைய பெயரைச் சொன்னவுடன் வாசகர் நினைவுக்கு வரும் கதைகளை எண்ணிப் பாருங்கள்: ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’, ‘காஞ்சனை’, ‘சாப விமோசனம்’. மூன்றும் 1943இல் கலைமகள் இதழில் வெளியானவை. மூன்றிலும் இயற்கைக்கு அப்பாற்பட்ட ஒன்று நடக்கிறது. ஒரே ஆண்டில், போர்க்காலச் சென்னையில், அன்றாடப் பிழைப்புக்கே அல்லல்பட்ட ஒருவர் இம்மூன்றையும் எழுதினார் என்றால், மாயம் அவருக்குப் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது.

அவருடைய யதார்த்தமும் மாயமும் இரண்டு துறைகள் அல்ல என்பதே என் துணிபு. பொதுவாக மாயக் கதை எழுதுகிறவர்கள் வாசகரை இந்த உலகத்திலிருந்து கிளப்பி வேறோர் உலகத்துக்குக் கொண்டுபோவார்கள். புதுமைப்பித்தன் அப்படிச் செய்வதில்லை. வாடகை வீடு, காப்பி, டிராம் வண்டி, வராத சந்தா, மனைவியின் முணுமுணுப்பு ஆகிய எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே இருக்க விட்டு, அவற்றின் நடுவே கடவுளையோ பேயையோ கொண்டுவந்து நிறுத்துகிறார். வந்தவர் எப்படிப்பட்டவர் என்று காட்டுவது அவருடைய நோக்கமல்ல. வந்தவருக்கு முன்னால் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதையே அவர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தால் இந்தக் கதைகளில் பாதிக் கடினம் நீங்கிவிடும்.

எந்தக் கதையிலிருந்து தொடங்க வேண்டும்?

‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையிலிருந்து. வேறு பதில் எனக்கு இல்லை.

சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் முனையில், டிராமில் போய் மிச்சமாகும் காசுக்கு வெற்றிலை வாங்குவதா, பஸ்ஸில் போய் அரைக் கோப்பை காப்பி குடிப்பதா என்று கந்தசாமிப் பிள்ளை யோசித்துக்கொண்டு நிற்கிறார். சித்த வைத்தியப் பத்திரிகை ஒன்றை நடத்துகிறவர் அவர். அவரிடம் ஒருவர் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். இருவரும் காப்பி குடிக்கப் போகிறார்கள். வந்தவர் கடவுள். இடி மின்னல், வானத்து ஒளி எதுவும் கிடையாது.

அந்தக் காப்பிக் கடைக் காட்சியை நிதானமாக, முடிந்தால் இரண்டு முறை வாசியுங்கள். காப்பியின் சுவையில் மயங்கிய கடவுள் அதைத் தம்முடைய திருவிளையாடல் என்று எண்ணி மகிழ்கிறார். பிள்ளையோ, அது ஹோட்டல்காரன் சிக்கரித் தூளைக் கலந்து செய்த வேலை என்றும், கடவுளின் திருவிளையாடல் காசு கொடுக்கும் கட்டத்தில்தான் தேவைப்படும் என்றும் விளக்குகிறார். கடவுள் நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டுகிறார். இந்தச் சில வரிகளுக்குள் படைத்தவன், படைக்கப்பட்டவன், கலப்படம் செய்தவன், காசு கொடுப்பவன் ஆகிய அனைவரும் தத்தம் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அடுத்து, பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டச் சொல்லும்போது அது யாருடைய ஆயுள் என்ற கேள்வி எழுகிறது. அழிவில்லாதவர் ஒருவர் ஆயுள் சந்தா கட்டினால் கணக்கு எப்படி முடியும்? வாசகர் சிரித்து முடிப்பதற்குள் அந்தக் கேள்வி உள்ளே தங்கிவிடுகிறது.

பிறகு பிள்ளை அவரை வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அங்கே குழந்தை வள்ளிக்கும் கடவுளுக்கும் நடக்கும் விளையாட்டைக் கவனியுங்கள். கதை முழுவதிலும் அவரிடம் எதையும் எதிர்பாராமல் பழகுகிறவள் அந்தக் குழந்தை மட்டுமே. பெரியவர்களின் உலகத்தில், கலைப் புரவலரான ஒரு திவான் பகதூர் முன்னிலையில் கூத்தனே வந்து ஆடிக் காட்டியும் சாஸ்திரத்துக்குப் பொருந்தவில்லை என்று ஒதுக்கப்படுகிறான். கடைசியில், மனிதரோடு கூடி வாழ முடியாது, எட்ட நின்று வரம் கொடுக்கத்தான் முடியும் என்று சொல்லிக் கடவுள் விடைபெறுகிறார். அந்த விடைபெறுதலில் எனக்குத் தெரிவது கேலியல்ல, துயரம். முயன்று பார்த்தவரின் தோல்வி அது.

நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். சாமியை இப்படிக் காப்பிக் கடையில் உட்கார வைப்பது அவமதிப்பு ஆகாதா?

இந்தக் கேள்வியை இங்கே பலர் கேட்டிருக்கிறார்கள். அதை நான் மதிக்கிறேன். கோணேசர் கோயிலும் பத்திரகாளி அம்மன் கோயிலும் அன்றாட வாழ்வின் பகுதியாக இருக்கும் ஊரில் இந்தத் தயக்கம் இயல்பானது.

ஆனால் சைவ மரபே கடவுளை எத்தனை எளிய வேடங்களில் பூமிக்கு இறக்கியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மதுரையில் பிட்டுக்கு மண் சுமந்து பாண்டியனிடம் பிரம்படி வாங்கியவர் சிவபெருமான். திருவெண்ணெய்நல்லூரில் அடிமை ஓலையோடு வந்து சுந்தரருடன் வழக்காடிய கிழவரும் அவரே. இந்த மரபில் ஊறிய நெல்லைச் சைவக் குடும்பத்துப் பிள்ளை, 1943இல் அதே பெருமானைச் சென்னைக்கு வரவழைத்தால் அவர் வேறு எங்கே போவார்? புராணத்தில் அவர் வந்தபோது கடைசியில் அடையாளம் தெரிந்து எல்லோரும் விழுந்து வணங்கினார்கள். புதுமைப்பித்தனின் கதையில் தாம் யார் என்று அவர் வெளிப்படுத்திய பிறகும் பிள்ளைக்குச் சந்தாவே முக்கியமாக இருக்கிறது. மாறியவர்கள் நாம்.

இந்தக் கேள்வி கேட்பவர்களிடம் ‘சிற்பியின் நரகம்’ கதையையும் வாசிக்கச் சொல்வேன். காவிரிப்பூம்பட்டினத்துச் சிற்பி சாத்தன் தன் வாழ்நாளைக் கொடுத்து ஒரு நடராஜர் சிலையை வடிக்கிறான். சிலை கருவறை இருட்டுக்குள் போகிறது. அன்றிரவு அவன் காணும் கனவில், கூட்டங்கூட்டமாக வருகிறவர்கள் மோட்சம் கேட்டுக்கொண்டே நகர்கிறார்கள். அந்தத் தூக்கிய திருவடியையோ இதழில் நிற்கும் சிரிப்பையோ ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இது பக்திக்கு எதிரான கதை என்று நான் நினைக்கவில்லை. திருவிழா நாளில் நெரிசலில் தள்ளுப்பட்டு, தீபாராதனைக்குக் கையெடுத்துவிட்டு, மூர்த்தியின் முகத்தை நினைவில் கொண்டுவர முடியாமல் வெளியே வந்திருக்கும் எவருக்கும் இக்கதை தன்னைப் பற்றியது என்று தோன்றும்.

‘காஞ்சனை’யில் வருவது உண்மையிலேயே பேய்தானா?

முடிவு சொல்லக் கூடாது என்பதற்காகவே எழுதப்பட்ட கதை அது. கதை சொல்பவர் ஓர் எழுத்தாளர். இரவில் தூக்கம் வராதவர். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஒரு வாடை நடுநிசியில் வீட்டுக்குள் பரவுகிறது. பிச்சை கேட்டு வாசலுக்கு வந்த ஒரு பெண்ணை மனைவி இரங்கி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அந்தப் பெண்ணின் பாதம் தரையில் படிகிறதா, இல்லையா என்று கணவருக்கு ஓர் ஐயம் எழுந்து உடனே மறைகிறது. பின்னர் மனைவிக்குக் குரல்வளையில் ஏதோ கடித்தது போன்ற வலி. இவ்வளவுக்கும் காரணம் பேயாக இருக்கலாம். தூக்கமின்றித் தவிக்கும் மனமாகவும் இருக்கலாம்.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த வீட்டில் எந்த அச்சமும் இல்லாமல் இருப்பவள் மனைவி. அவளுக்கு அந்தப் பெண் ஏழை, ஆதரவற்றவள், பேச்சுத் துணை, அவ்வளவுதான். நிறைய வாசித்து, அனைத்துக்கும் விளக்கம் தேடும் கணவர்தான் நடுங்குகிறார். அவருடைய படிப்பு அவருக்கு எந்தத் துணையும் செய்யவில்லை. பயத்தை இப்படி வீட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்துக் கதையை நகர்த்திய திறமைக்காகவே தமிழ்ப் பேய்க் கதைகளில் இதை முதலிடத்தில் வைப்பேன்.

உப்புவெளியில் ஒரு நண்பர் வீட்டு விறாந்தையில், மின்வெட்டு நேரத்தில், கைவிளக்கு வெளிச்சத்தில் இதைச் சத்தமாக வாசித்தோம். வாடை வரும் பகுதியை வாசித்தபோது கடற்கரைப் பக்கமிருந்து கருவாட்டு வாடை காற்றோடு வந்தது; இத்தனைக்கும் அது நாள்தோறும் அங்கே வீசுகிற வாடைதான். ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இருவர் கதிரையை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பழக்கப்பட்டது திடீரென்று அந்நியமாவதுதான் இந்தக் கதையின் வேலை.

‘சாப விமோசனம்’ வாசிக்க இராமாயணம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம். கௌதமரின் சாபத்தால் கல்லான அகலிகை இராமன் பாதத்துகள் பட்டு மீண்டாள் என்பதும், இலங்கையிலிருந்து மீட்கப்பட்ட சீதை தீக்குளித்தாள் என்பதும் தெரிந்தால் போதும். இராமாயணப் பழக்கம் உள்ளவர்களுக்குக் கதை பிடிக்காமல் போகலாம் என்று ஆசிரியரே கதையின் தலைப்பில் குறிப்பு வைத்திருக்கிறார்.

சாபம் நீங்கிய மறுநாள் என்ன நடந்திருக்கும் என்று அவர் கேட்கிறார். புராணம் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறது. புதுமைப்பித்தனின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அகலிகைக்கு உடல் மீண்டது. ஊரின் பார்வை மீளவில்லை, மனத்தின் நடுக்கமும் மீளவில்லை. கணவர் சாதாரணமாகச் சொல்லும் சொல்லுக்குக்கூட உள்ளர்த்தம் இருக்குமோ என்று அவள் வெந்துபோகிறாள். கௌதமரும் கொடியவராகக் காட்டப்படவில்லை. அவரும் தம் கோபத்தை எண்ணி எண்ணி வருந்துகிறவர். அயோத்திக்குத் திரும்பிய சீதை தான் தீக்குளித்ததைச் சொல்லும்போது, அதைச் செய்யும்படி இராமனே கேட்டானா என்று அகலிகை அதிர்ந்து கேட்கிறாள். தனக்கு விடுதலை தந்தவன் வேறொருத்திக்கு அதே தீர்ப்பை வழங்கிவிட்டான். அந்த அறிவோடு அவளால் மனுஷியாக இருக்க முடியவில்லை, மறுபடியும் கல்லாகிறாள்.

இந்தக் கதையில் மாயம் நடப்பது இரண்டே இடங்களில், முதலிலும் முடிவிலும். இடையில் உள்ளதெல்லாம் ஒரு குடும்பத்தின் மௌனம். முதல் தடவை கல்லானது அவளுக்கு விதிக்கப்பட்டது. இரண்டாம் தடவை கல்லாவது, எனக்குத் தெரிந்தவரை, அவள் எடுத்த முடிவு. 1934 அளவிலேயே இதே பாத்திரத்தை வைத்து ‘அகல்யை’ என்றொரு கதையை அவர் எழுதியிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்பது விளங்கும்.

‘கபாடபுரம்’ கதை எங்கள் கோணேசர் கடலைப் பற்றியதா?

இல்லை. இறையனார் களவியல் உரை இடைச்சங்கம் இருந்த இடமாகச் சொல்கிற, கடல் கொண்ட பாண்டியத் தலைநகரம் கபாடபுரம். கதையும் குமரிக் கடலைச் சார்ந்தது. திருகோணமலைக்கு அதில் இடமில்லை.

ஆயினும் அந்தக் கதையை நம் ஊரில் வாசிப்பதில் தனியான ஓர் அனுபவம் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் சுவாமி மலையிலிருந்த பழைய கோணேசர் கோயிலை இடித்தார்கள். அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன, சில கடலில் வீழ்ந்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அந்தப் பாறையின் அடியில் மூழ்கிப் பார்த்தபோது, செதுக்கப்பட்ட கற்களையும் தூண்களையும் கண்டார்கள். இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்க்கிற எவருக்கும் அந்த நீருக்கடியில் கோயிலின் துண்டுகள் கிடந்தன என்பது தெரியும். ஆகவே கடலடியில் ஒரு நகரம் விழித்திருக்கிறது என்று ஒரு கதை சொன்னால், நமக்கு அது முழுக்கக் கற்பனையாகப் படுவதில்லை.

இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காகத் தோண்டினான் என்ற கதையைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அத்தகைய தலக்கதைகள் ஓர் இடத்துக்குப் பெருமை சேர்க்கச் சொல்லப்படுபவை. புதுமைப்பித்தன் பழம்பெருமையை அப்படிக் கையாள்வதில்லை. அந்த நகரத்தில் உள்ளே இறங்க இறங்க அச்சமும் மயக்கமும்தான் மிகுகின்றன. கதையை வரலாற்றுச் சான்றாகப் பிடித்துக்கொள்வதும், வெறும் கனவு என்று தள்ளுவதும் இரண்டுமே அதற்குச் செய்யும் அநீதி. அவருடைய மாயக் கதைகளில் மிகக் கடினமானது இது, கடைசியாக வாசியுங்கள்.

அவருடைய மொழி எங்களுக்குப் புரியுமா?

புரியும். உரையாடல்களில் நெல்லை வழக்கும் அக்காலச் சென்னைப் பேச்சும் வரும். வர்ணனைகளில் வடசொற்கள் கொஞ்சம் அதிகமாகத் தோன்றும். ஒரு சொல் தெரியாவிட்டால் நின்றுவிடாமல் வாசித்துச் செல்லுங்கள், இரண்டு பக்கத்துக்குள் காது பழகிவிடும்.

தொகுப்பை ஒரே மூச்சில் வாசித்து முடிக்கலாமா?

செய்யாதீர்கள். இந்தக் கதைகள் பக்க அளவில் சிறியவை என்பதால் அந்த ஆசை வரும். ஆனால் ஒரு கதையின் கடைசி வரிக்குப் பின்னர்தான் அது வாசகருக்குள் வேலை செய்யத் தொடங்குகிறது. உடனே அடுத்த கதையைத் திறந்தால் முதற்கதை பாதியில் நின்றுவிடும். மாலையில் ஒன்று வாசித்துவிட்டு, டச்சு விரிகுடாப் பக்கம் நடந்துவிட்டு வந்து உறங்குங்கள். மறுநாள் அதே கதையில் பிடித்த பக்கத்தை மட்டும் மறுபடி பாருங்கள். கொழும்புக்கு இரவுப் புகையிரதத்தில் போகிறவர்கள் ‘காஞ்சனை’யைத் தனியாக வாசிப்பதற்கு அந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அதைவிடப் பொருத்தமான சூழல் கிடைக்காது.

அவருடைய எல்லா மாயக் கதைகளும் சிறந்தவையா?

இல்லை. ‘கட்டில் பேசுகிறது’ நல்ல எண்ணம்: மருத்துவமனைக் கட்டில் ஒன்று தன்மேல் படுத்துக் கிடந்தவர்களைப் பற்றி நோயாளியிடம் பேசுகிறது. ஆனால் அந்த எண்ணத்தைத் தாண்டி அது வளரவில்லை. வேறு சில கதைகள் பத்திரிகையின் அவசரத்தில் எழுதப்பட்டவை என்பதும் தெரிகிறது. நேசிக்கிற எழுத்தாளர் என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ வேண்டியதில்லை. அவரே அத்தகைய புகழ்ச்சியை விரும்பியவரல்லர்.

இலங்கையைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா?

‘துன்பக் கேணி’ தமிழகத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சீரழிந்த ஏழைப் பெண்ணின் கதை. அதில் மாயம் ஏதும் இல்லை; இந்தப் பக்கத்தின் எல்லைக்கு வெளியே இருந்தாலும், இலங்கை வாசகர் அதைத் தவறவிடக் கூடாது.

எந்தப் பதிப்பை வாங்குவது? காசில்லாவிட்டால்?

ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் காலச்சுவடு வெளியிட்ட முழுத் தொகுப்பையே பரிந்துரைப்பேன். கதைகள் கால வரிசையில் உள்ளன. எந்தக் கதை எப்போது, எந்த இதழில் வந்தது என்பதும் உண்டு. இந்திய நூல்களின் விலை இங்கே பலருக்கு எட்டாதது என்பதை அறிவேன். அவருடைய எழுத்துகள் 2002இல் தமிழ்நாடு அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டவை. மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் அவருடைய கதைகளை இலவசமாகவே வாசிக்கலாம். கைப்பேசியில் வாசிப்பதானால் ஒரு கதையை மட்டும் தரவிறக்கி, இணையத்தை அணைத்துவிட்டு வாசியுங்கள்.

வீட்டில் கண் பார்வை குறைந்த ஆச்சிக்கு வாசித்துக் காட்ட எந்தக் கதை ஏற்றது?

‘காலனும் கிழவியும்’. யமன் தானே எருமையில் ஏறி ஒரு கிராமத்துக் கிழவியின் உயிரைக் கொண்டுபோக வருகிறான். கிழவி மருதாயிக்கு அவனிடம் பயமில்லை. வந்தவனை வேலை ஏவுகிறாள். தன்னுடையதெல்லாம் தன்னோடு வர வேண்டும் என்கிறாள். உயிரை எடுத்துப் போகலாம், ஒன்றை வேறொன்றாக மாற்றலாம். எதையாவது அடியோடு இல்லாமல் ஆக்க உன்னால் முடியுமா என்று அவள் கேட்கும்போது யமனிடம் பதில் இல்லை. வந்த வழியே திரும்புகிறான்.

சாவு வருகிற கதையை முதியவருக்கு வாசிப்பதா என்று பிள்ளைகள் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். என் உறவில் ஓர் ஆச்சி இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கிழவி பேசும் ஒவ்வோர் இடத்திலும் “சரியாத்தான் கேட்டிருக்கிறாள்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யமன் பேசும் இடங்களில் வாசிப்பை நிறுத்தச் சொல்லி, அவனுக்குத் தம்முடைய பதிலையும் சேர்த்துச் சொன்னார். கிழவியின் பேச்சை நெல்லை வழக்கிலேயே வாசியுங்கள், அவசரப்படாமல், இடையிடையே அவர் குறுக்கிடுவதற்கு இடம் விட்டு.